விதி தெரிந்தும் மதிப்பெண் போவது ஏன்? போட்டித் தேர்வு ஆங்கிலத்துக்குப் பயிற்சி செய்யும் முறை

மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல்நிலைத் தேர்வின் 100 கேள்விகளில் 25 ஆங்கிலம். மொத்த நேரம் 60 நிமிடம். வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ தேர்வின் முதல்நிலையான பிரிலிம்ஸில் 30 ஆங்கிலக் கேள்விகளை 20 நிமிடத்தில் முடிக்க வேண்டும். நேரம் தீர்ந்ததும் திரை அடுத்த பகுதிக்குத் தானாக நகர்ந்துவிடும். ஐஏஎஸ் போன்ற பணிகளுக்கான யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் சிசாட் தாளில் 200க்கு 66 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. ஆனால் அதில் வரும் பத்திகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும் என்பதால், தமிழ் வழியில் படித்தவர்கள் பலர் அங்கேதான் தடுக்கி நிற்கிறார்கள்.

இப்படித் தடுக்கியவர்களின் விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால், இலக்கண விதி தெரியாமல் போன கேள்விகள் குறைவு. தெரிந்த விதி அந்த நொடியில் நினைவுக்கு வராமல் போனவையே அதிகம். அதற்கு முக்கியமான காரணம், தவறான வாக்கியம் நம் காதுக்குத் தவறாகவே படுவதில்லை. தமிழில் அது இயல்பான அமைப்பாக இருந்துவிடுகிறது.

எழுவாயும் வினையும் பொருந்தும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'த குவாலிட்டி ஆஃப் தீஸ் புக்ஸ் ஆர் குட்' என்ற வாக்கியத்தில் எழுவாய் 'குவாலிட்டி'. எனவே 'இஸ்' வர வேண்டும். பேச்சுத் தமிழில் 'மரங்கள் விழுந்தது', 'புத்தகங்கள் இருக்கு' என்றுதான் சொல்கிறோம். அஃறிணைப் பன்மைக்கு வினையை மாற்றும் பழக்கம் நம் பேச்சில் இல்லை. அதனால் ஒருமை, பன்மைப் பிழை கண்ணுக்கு எதிரே இருந்தாலும் மணி அடிப்பதில்லை. இதற்கு மருந்து காதை நம்பாமல் கையை நம்புவது. 'ஆஃப்' என்ற சொல்லில் தொடங்கும் தொடரையும், இரண்டு கமாக்களுக்கு நடுவே வரும் தொடரையும் மனத்தால் அடித்துவிட்டு, மிச்சமுள்ள எழுவாயை வினைக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'அலாங் வித்', 'அஸ் வெல் அஸ்', 'டுகெதர் வித்' ஆகியவை எழுவாயின் எண்ணை மாற்றாது. 'த நம்பர் ஆஃப்' என்றால் ஒருமை வினை, 'எ நம்பர் ஆஃப்' என்றால் பன்மை வினை. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' என்று தொடங்கினால் பெயர்ச்சொல் பன்மை, வினை ஒருமை. இந்த நான்கைந்து அமைப்புகளும் தேர்வுகளில் திரும்பத் திரும்ப வருபவை.

அடுத்த ஆபத்து வேற்றுமை உருபுகளால் வருவது. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று நினைப்பதால் 'டிஸ்கஸ்ட் அபவுட்' சரியாகத் தோன்றும். 'டிஸ்கஸ்' தனியாகவே நிற்கும். 'அறைக்குள் நுழைந்தான்' என்பது 'என்டர்ட் இன்டு த ரூம்' ஆகிவிடும். 'சென்னைக்குப் போய்ச் சேர்ந்தான்' என்பதிலுள்ள 'க்கு' உருபு 'ரீச்ட் டு சென்னை' என்று கூடவே ஓடிவரும். 'மேரீட் வித்' எழுதுவதும் இப்படித்தான். அங்கே 'டு' வரும். இவற்றை ப்ரிபொசிஷன் ('டு', 'வித்' போன்ற முன்னிடைச்சொல்) பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, தமிழில் உருபு கேட்டும் ஆங்கிலத்தில் எதுவும் கேட்காத அல்லது வேறு சொல் கேட்கும் வினைகள் என்று ஒரு தனிப் பக்கத்தில் சேர்த்து வையுங்கள். அந்தப் பக்கம் நீளமாக வளராது, ஆனால் நிறைய மதிப்பெண்ணைக் காப்பாற்றும்.

வினையின் காலத்தில் (டென்ஸ்) ஒன்றே ஒன்றைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் இயர்', 'இன் 2019' போன்ற முடிந்துபோன காலச்சொல் இருந்தால் 'ஹாவ் சீன்' வராது, 'சா' வரும். 'நேற்றே பார்த்திருக்கிறேன்' என்பது தமிழில் உறுத்தாது என்பதால் இதுவும் நழுவிவிடும்.

'எ', 'அன்' என்ற ஆர்ட்டிகிளுக்கு எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். 'அன் ஹவர்', 'அன் எம்எல்ஏ', ஆனால் 'எ யுனிவர்சிட்டி'.

எர்ரர் ஸ்பாட்டிங், அதாவது வாக்கியத்தில் பிழை உள்ள பகுதியைக் கண்டுபிடிக்கும் கேள்வி செய்யும்போது வாக்கியத்தை மூன்று முறை மேலோட்டமாகப் படிப்பதில் பயனில்லை. ஒரே வரிசையில் சோதியுங்கள்: முதலில் எழுவாய், வினை; பிறகு காலம்; பிறகு பிரதிப்பெயர் எதைக் குறிக்கிறது என்பது; பிறகு ஆர்ட்டிகிள், ப்ரிபொசிஷன்; கடைசியாக 'அண்ட்', 'ஆர்' இரு பக்கமும் ஒரே வடிவம் இருக்கிறதா என்பது. இந்த வரிசை பழகிவிட்டால் ஒரு கேள்விக்கு அரை நிமிடம் போதும். ஐந்திலும் பிழை சிக்கவில்லை என்றால் 'நோ எர்ரர்' என்று தயங்காமல் குறியுங்கள். பிழை இருந்தே ஆக வேண்டும் என்ற சந்தேகத்தில் சரியான சொல்லைப் பிழையாக்குவது மிகப் பரவலான தவறு.

பத்தியைப் படித்து விடை சொல்லும் காம்ப்ரிஹென்ஷன் வேறு வகைச் சிக்கல். பலர் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே போகிறார்கள். ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும், தமிழில் கடைசியில் வரும். ஆகவே ஒரு நீண்ட வாக்கியத்தைத் தமிழாக்க, இறுதிவரை போய்விட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கிறது. நேரம் அங்கேதான் கரைகிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழாக்காமல், ஒரு பத்தி முடிந்ததும் அது சொன்னதைத் தமிழில் ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் பத்தியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். 'ஹவெவர்', 'யெட்', 'பட்' வரும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். ஆசிரியரின் உண்மையான கருத்து பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கும்.

விடைகளில் வைக்கப்படும் பொறிகள் எண்ணிக்கையில் சிலவே. ஒரு பத்தி இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: 'கட்டணம் குறைக்கப்பட்டதும் பேருந்துப் பயணிகள் கூடினர், பேருந்துகள் கூடாததால் காத்திருக்கும் நேரமும் கூடியது.' 'கட்டணக் குறைப்பு எப்போதும் பயணிகளைக் கூட்டும்' என்ற விடை, 'எப்போதும்' என்ற ஒரு சொல்லால் தவறு. 'பொதுப் போக்குவரத்து காற்று மாசைக் குறைக்கும்' என்பது உலக உண்மையாக இருக்கலாம், பத்தியில் இல்லை. பொது அறிவு அதிகம் உள்ளவர்கள் விழும் பள்ளம் இது. 'காத்திருப்பு கூடியதால் பயணிகள் கூடினர்' என்பது காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்குகிறது. 'பேருந்துகளைக் கூட்டாமல் கட்டணத்தை மட்டும் குறைத்தால் பயணிகளுக்குச் சிரமம் வரக்கூடும்' என்பதே சரியான விடை. அது அடக்கமாகப் பேசுவதைக் கவனியுங்கள். 'மே', 'சம்', 'லைக்லி' உள்ள விடைகள் பலமுறை சரியாக இருப்பதற்குக் காரணம், அவற்றைப் பத்தியிலிருந்து நிரூபிப்பது எளிது என்பதே. ஆனாலும் அந்தச் சொல்லை மட்டும் பார்த்துக் குறிக்காதீர்கள். எந்த விடையைத் தேர்ந்தாலும் அதற்கு ஆதாரமான வரியை விரலால் தொட்டுக் காட்ட முடிய வேண்டும்.

தினசரிப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் என்றால், 20 நிமிடம் கடிகாரம் வைத்து எழுதுங்கள். 30 நிமிடம் அதைத் திருத்துவதற்கு. மீதி 10 நிமிடம் பழைய பிழைகளுக்கு. நாளுக்கு மூன்று மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதி மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடுவது உழைப்பை வீணாக்கும். அதே பிழையை மூன்று முறை செய்து அதையே பழக்கமாக்கிக்கொள்கிறோம். பிழை நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: கேள்வி, நான் குறித்தது, அப்படி ஏன் நினைத்தேன், சரியான காரணம். மூன்றாவது கட்டம்தான் உயிர்நாடி. 'கவனக்குறைவு' என்று எழுதி நகராதீர்கள். 'ஆஃப்-க்குப் பின் வந்த பன்மையைப் பார்த்தேன்', 'பத்தியில் இல்லாததை என் அறிவிலிருந்து சேர்த்தேன்' என்று எழுதுங்கள். சரியாகக் குறித்தும் காரணம் சொல்ல முடியாத கேள்விகளுக்கும் அந்த நோட்டில் இடம் உண்டு. ஒரு வாரம், பிறகு மூன்று வாரம் கழித்து அதே கேள்வியை விடையை மூடிக்கொண்டு மீண்டும் போடுங்கள்.

ஊகித்துக் குறிக்கலாமா என்பதற்குக் கணக்கு உண்டு. சிஜிஎல் முதல்நிலையில் சரியான விடைக்கு 2, தவறுக்கு அரை மதிப்பெண் குறையும், விடைகள் நான்கு. கண்ணை மூடிக் குறித்தாலும் சராசரியில் சிறு லாபம். ஐந்து விடைகளோடு 1 மதிப்பெண்ணும், தவறுக்கு கால் மதிப்பெண் குறைப்பும் உள்ள வங்கித் தேர்வில் வெறும் ஊகத்துக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையை உறுதியாகத் தள்ள முடிந்தால் குறிக்கலாம். சிசாட்டிலும் அப்படியே: 2.5 மதிப்பெண், தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போகும், விடைகள் நான்கு. மதிப்பெண் முறை மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் இந்த எண்களைச் சரிபார்த்து, கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.