குதிகால் வலிக்கு மெத்தென்ற செருப்பு போதுமா?

குதிகால் வலி என்று சொல்லிக் கடைக்குள் நுழைந்தால், கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது அங்கே இருப்பதிலேயே மெத்தென்ற ஜோடியைத்தான். கட்டைவிரலால் அழுத்திக் காட்டுவார், விரல் உள்ளே போகும், நாமும் மாட்டிக்கொண்டு நாலடி நடந்து பார்த்துவிட்டு வாங்கிவிடுவோம். பஸ் ஸ்டாப் வரை போய்வர அது தாராளமாகப் போதும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர், வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர், ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் தார் ரோட்டில் போகிறவர் என்றால் கதையே வேறு. மெத்தென்று இருப்பது ஷூ செய்யவேண்டிய வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். அதுதான் முக்கியமான வேலை என்று நான் நினைக்கவில்லை.

ஏன் என்று புரிய, பாதத்துக்கு அடியில் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். குதிகாலில் வலி வரப் பல காரணங்கள் உண்டு. அதில் மிகப் பரவலானது டாக்டர்கள் பிளான்டார் ஃபேசைட்டிஸ் என்று சீட்டில் எழுதித் தருவது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலின் உட்பக்க அடியில் சுரீர் என்று குத்தும், பத்துப் பதினைந்து அடி நடந்ததும் கொஞ்சம் இளகும், நாள் முழுக்க நின்றால் மாலையில் திரும்பவும் வரும். இந்த மூன்றும் இருந்தால் அநேகமாக அதுதான்.

குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி, முன்னே போகப்போக ஐந்தாகப் பிரிந்து, ஐந்து விரல்களின் அடி எலும்பிலும் போய் ஒட்டிக்கொள்ளும் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது; அந்த வலி கிளம்புவது இதில்தான். அது தசை இல்லை. தானாகச் சுருங்காது, இழுத்தாலும் பெரிதாக நீளாது. பாதத்தின் நடுவில் இருக்கும் வளைவு, உடம்பின் எடை தாங்காமல் தட்டையாகிப் போகாதபடி இரண்டு முனையையும் பிடித்துவைத்திருப்பது இந்தப் பட்டைதான்.

இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. 1954இல் ஹிக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை விளக்கி எழுதினார். நீங்களே இப்போது செய்து பார்க்கலாம்: நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் வைத்துக்கொண்டு, கால் கட்டைவிரலைக் கையால் மேலே தூக்குங்கள். பாதத்தின் உள்வளைவு தானாக எழும்பும். விரல் மேலே மடங்கும்போது, கிணற்று உருளையில் கயிறு சுற்றிக்கொள்வதுபோல, அந்தப் பட்டை விரலடி எலும்பின் முனையைச் சுற்றிக்கொள்கிறது. அதனால் அதன் நீளம் குறைந்து, குதிகாலும் விரலடியும் ஒன்றையொன்று நெருங்கி, வளைவு உயர்ந்து, இதுவரை தளர்வாக இருந்த பாதம் விறைப்பாகிறது. உடம்பை முன்னால் உந்தித் தள்ள அந்த விறைப்பு தேவை.

இப்போது ஒரு அடியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதலில் குதிகால் தரையில் படுகிறது. அப்புறம் முழுப் பாதமும் படிகிறது. கடைசியில் குதிகால் தரையை விட்டு எழும்ப, விரல்கள் மடங்க, உந்திப் போகிறோம். அந்தப் பட்டை அதிகமாக இழுபடுவது குதிகால் தரையில் இடிக்கும்போது இல்லை, இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். முன்பக்கம் விரல்கள் பட்டையை இழுக்கின்றன, பின்பக்கம் கெண்டைக்கால் தசை குதிநாண் வழியாகக் குதிகால் எலும்பை மேலே இழுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டது பட்டை. அது எலும்போடு ஒட்டியிருக்கும் இடம் குதிகாலில் இருப்பதால் வலி அங்கே தெரிகிறது. குதிகாலுக்கு அடியில் மெத்தை போட்டால் அடியின் முதல் பாதிக்கு நிவாரணம் கிடைக்கிறது. இழுப்பு நடக்கும் இரண்டாம் பாதியில் அந்த மெத்தைக்குப் பெரிதாக வேலை இல்லை.

ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,300 காலடி என்று வைத்தால் 25 கிலோமீட்டருக்கு 32,000 காலடிக்கு மேல், ஒரு காலுக்கு 16,000. அத்தனை இழுப்பு, ஒரே நாளில், மறுநாளும் அதே.

2003இல் லெமான்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், அறுவை சிகிச்சையின்போது எடுத்த இந்தப் பட்டையின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். அழற்சியின் அடையாளங்கள் அதில் இல்லை, நார்கள் நைந்துபோயிருந்ததுதான் தெரிந்தது. அதாவது நாள்பட்ட வலியில் இது பெரும்பாலும் தேய்ந்து கந்தலாகிப்போன நார், மாத்திரை போட்டால் வடிந்துவிடும் வீக்கம் இல்லை. எக்ஸ்ரேயில் முள்மாதிரி எலும்பு வளர்ந்திருக்கிறது என்று பயந்துபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வலியே இல்லாத ஏராளமானவர்களுக்கும் அந்த முள் இருக்கிறது. வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்ட முடியாது.

சரி, ஷூவுக்கு வருவோம். முதலில் பார்க்கவேண்டியது குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். வழக்கமான ஓட்ட ஷூக்களில் இது 8 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். குதிகால் கொஞ்சம் உயர்ந்தால் கெண்டைக்கால் தசையின் இழுப்பு தளர்கிறது, பட்டைக்கும் அந்த அளவுக்கு நிம்மதி. இப்போது வெறுங்கால் மாதிரியே இருக்கும் தட்டை ஷூக்கள் பிரபலமாக இருக்கின்றன; பாதத் தசைகளுக்கு நல்லது என்கிறார்கள், இருக்கலாம், ஆனால் கெண்டைக்கால் இறுகிப்போய் குதிகால் வலியும் இருக்கிறவர் அதை மாட்டிக்கொண்டு பாதயாத்திரைக்குக் கிளம்புவது வேண்டாத வேலை.

அடுத்தது முன்பக்கம். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஷூவைக் கையில் எடுத்து முனையையும் குதியையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில்தான் மடங்கவேண்டும், அதுவும் சுலபமாக இல்லாமல் கொஞ்சம் அடம்பிடித்து. நடுப்பாதத்தில் இரண்டாக மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சோலின் முன்முனை மேல்நோக்கி வளைந்திருந்தால் இன்னும் நல்லது. மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும், முனை மேசையைத் தொடாமல் எழும்பி நிற்கும். அப்படிப்பட்ட சோலில் விரல்கள் அவ்வளவாக மடங்காமலே பாதம் உருண்டு முன்னே போய்விடும். விரல் மடங்காவிட்டால் பட்டை சுற்றிக்கொள்ளாது, இழுப்பும் குறையும். ஹிக்ஸ் சொன்ன அதே கணக்கைத் திருப்பிப் போட்டதுதான் இது.

மூன்றாவதாக, ஷூவை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், துவண்டு சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிகாலைப் பின்னாலிருந்து அணைக்கும் பகுதியை விரலால் அழுத்தினால் உள்ளே குழியக் கூடாது. குதிகால் எலும்புக்குக் கீழே கொழுப்பு மெத்தை ஒன்று உண்டு, சின்னச் சின்ன அறைகளில் கொழுப்பு அடைபட்டு, நல்ல தடிமனாக. வயதாக ஆக அதன் தாங்கும் திறன் குறைகிறது. குதியை இறுக்கமாகப் பிடிக்கும் ஷூ அந்தக் கொழுப்பு பக்கவாட்டில் பிதுங்காமல் எலும்புக்கு அடியிலேயே நிறுத்திவைக்கிறது. நல்ல ஷூவை வாங்கி, லேஸைக் கழற்றிக் கட்ட சோம்பேறித்தனப்பட்டு, பின்பக்கத்தை மிதித்து மடக்கிச் செருப்புமாதிரி போட்டுக்கொள்கிறோமே, அதோடு போயிற்று.

நுரை விஷயம். மிட்சோலில், அதாவது சோலின் நடு அடுக்கில், இருப்பது பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிட்டேட் நுரை, சுருக்கமாக இவிஏ. உள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள். கடையில் கட்டைவிரல் அழுத்தம் வேறு, 70 கிலோ உடம்பு ஒற்றைக்காலில் இறங்கும் அழுத்தம் வேறு. அளவுக்கு மீறி மெத்தென்ற நுரை அந்த எடையில் முழுசாக அமுங்கி அடித்தட்டில் முட்டிவிடும், கூடவே கணுக்கால் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆடும், அதைச் சமாளிக்கும் வேலை பாதத்தின் தலையில் விழும். நடுத்தரமான கெட்டியே நெடுநடைக்கு ஏற்றது. நுரைக்கு ஆயுளும் உண்டு, 500 முதல் 800 கிலோமீட்டர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மேலே துணியும் கீழே ரப்பரும் புதுசுமாதிரியே இருக்கும், நடுவில் நுரை செத்திருக்கும். அதனால் அலமாரியில் கிடக்கும் நாலு வருஷத்து ஷூவை நம்பிக் கிளம்பவேண்டாம். நேற்று வாங்கியதையும் நம்பவேண்டாம். ஒரு மாதம் முன்பே வாங்கி அதிலேயே பழகிவிடுங்கள்.

அளவை மாலையில் பாருங்கள். நடக்க நடக்கப் பாதம் வீங்கும், நடைக்குப் போடப்போகும் சாக்ஸோடு போய் நின்றுகொண்டு அளக்கவேண்டும், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும்.

உள்ளே வைக்கும் இன்சோலுக்கு அளவெடுத்துச் செய்து தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் லேண்டார்ஃப் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், அளவெடுத்துச் செய்ததற்கும் ரெடிமேடாகக் கிடைப்பதற்கும் பலனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முதலில் ரெடிமேடையே போட்டுப் பாருங்கள், வளைவை நன்றாகத் தாங்கும் கெட்டியானதாக. ஷூவோடு வந்த இன்சோலை எடுத்துவிட்டு இதை வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் குதி மேலே வந்து பிடிமானம் போய்விடும்.

ஷூவே வேண்டாம், எம்சிஆர் என்கிற நுண்ணறை ரப்பர் செருப்பு போதும் என்பவர்கள் நம் ஊரில் நிறைய. அந்தச் செருப்பின் கதைக்கும் இந்த மண்ணுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்காக உழைத்தார். உணர்ச்சி போன பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண்ணாகிறது என்பதைக் காட்டி, அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும் காலணிகளுக்காக அவரும் சகாக்களும் நிறைய மெனக்கெட்டார்கள். நுண்ணறை ரப்பர் அப்படித்தான் செருப்புக்குள் வந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அதுவே. ஆனால் அது தீர்க்க வந்தது அழுத்தத்தை, இழுப்பை இல்லை. வீட்டுக்குள் போட அருமையான செருப்பு. நெடுநடைக்கு அதைத்தான் போடுவேன் என்றால், அடியில் கெட்டியான ரப்பர் சோல், பின்னால் வார், இரண்டும் இருக்கிறதா பாருங்கள். வார் இல்லாவிட்டால் செருப்பு கழன்றுவிடாமல் ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் இறுக்கிப் பிடிக்கவேண்டியிருக்கும். ஹவாய் செருப்பின் தொல்லையும் இதுதான்.

வெறுங்காலோடுதான் நடப்பேன் என்று வேண்டிக்கொண்டவர்களிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை. குதிகால் வலி இருக்கும் வருஷம் மட்டும், ரோட்டில் ஷூவோடு நடந்துவிட்டு அடிவாரத்தில் கழற்றி வைக்கலாமே என்பேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஷூவைக் கழற்றிய பிறகு நடப்பதையும் சொல்லவேண்டும். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்கிக் கிடக்கிறது, பட்டையும் கெண்டைக்காலும் சுருங்கிய நிலையிலேயே இருக்கின்றன, எழுந்ததும் முழு எடையும் ஒரே அடியில் அதை இழுக்கிறது. நடையின் நடுவே மண்டபத்தில் அரைமணி உட்கார்ந்து எழுந்தாலும் இதேதான். எழுவதற்கு முன்னால் காலை மடியில் போட்டு விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்து பத்து எண்ணி விடுங்கள், பத்து தடவை. வீட்டில் கிரானைட், டைல்ஸ் தரை என்றால் கட்டிலடியில் ஒரு செருப்பு கிடக்கட்டும். வெளியே ஷூவில் எட்டாயிரம் செலவழித்துவிட்டு உள்ளே வெறுங்காலில் நாள் முழுக்கச் சமையலறையில் நிற்பவர்கள்தான் அதிகம்.

நாளைக்கு எவ்வளவு நடக்கலாம் என்பதற்குக் காலை முதல் அடியே அளவுகோல். நேற்றைய காலையைவிட இன்று வலி கூடுதலாக இருந்தால் தூரத்தைக் குறைக்கவேண்டும். குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அமுக்கினால் உயிர்போகிறது, பாதத்தில் மரத்துப்போகிறது அல்லது எரிகிறது, படுத்திருக்கும்போதும் வலி விடவில்லை என்றால் அது இந்தப் பட்டையின் வேலையாக இல்லாமல் போகலாம். எலும்பில் கீறல் விட்டிருக்கலாம், நரம்பு நசுங்கியிருக்கலாம். அப்போது போகவேண்டியது எலும்பு டாக்டரிடம், ஷூ கடைக்கு இல்லை.