மூன்று வாரப் போரும் கூடாத எலும்பும்

அந்த நோயாளி மேஜைமேல் வைத்த பிளாஸ்டிக் பையில் எக்ஸ்ரே படங்கள் மட்டும் இரண்டு கிலோ இருக்கும். பாக்தாதில் எடுத்தவை, ஜோர்டானின் அம்மானில் எடுத்தவை, மறுபடி பாக்தாத், பிறகு டெல்லி. ஒவ்வொன்றாக வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். இடது தொடை எலும்பு. ஒரு படத்தில் வெளியே கம்பிச் சட்டம். அடுத்ததில் பிளேட். அதற்கடுத்ததில் எலும்புக்குள் நீளமாக ஒரு ராடு. கடைசிப் படத்தில் மறுபடி பிளேட், அதுவும் உடைந்து நிற்கிறது. எலும்பு எதிலும் கூடவில்லை.

"மொத்தம் எத்தனை ஆபரேஷன், பாய்?"

எங்கள் ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளர் பாய் அரபியில் கேட்டார். நோயாளி ஒரு கை விரல்களை எண்ணி முடித்து, மறுகைக்குப் போய், கூட வந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"பதினொண்ணுங்கிறார் டாக்டர். தம்பி பன்னெண்டுங்கிறார்."

அடிபட்டது 2006-இல், சந்தையில் வெடித்த கார் குண்டில். என்னிடம் வந்தது 2017-இல். டிரெஸ்ஸிங்கைப் பிரித்ததும் அந்த வாடை அறை முழுக்கப் பரவியது. தொடையின் வெளிப்பக்கம் மிளகளவு ஒரு துவாரம், அழுத்தினால் சீழ். பதினோரு வருடமாக அது மூடவே இல்லை. பேன்ட்டுக்குள் துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டுதான் கடைக்குப் போய் வந்திருக்கிறார். (அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் சென்னையில் எலும்பு முறிவு மருத்துவன். 2003-க்குப் பிறகு ஈராக்கிலிருந்து சிகிச்சைக்காக இந்தியா வருபவர்கள் பெருகினார்கள், அவர்களில் சிலர் என் ஓபிக்கும் வந்தார்கள். எங்கே எல்லையில் பதற்றம் என்று செய்தி வந்தாலும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவர் எழுதிவிடுகிறார்: "உள்ளே புகுந்து ஒரே வாரத்தில் முடித்துவிட வேண்டியதுதான்." என்னோடு படித்த மருத்துவர்களும் அப்படி எழுதுகிறார்கள். படிக்கும்போது மனசு பதறுகிறது. அந்த ஒரு வாரம் முடிந்தபின் நடந்தவற்றை எக்ஸ்ரேக்களில் பார்த்துக்கொண்டிருப்பவன் நான்.

அமெரிக்கா ஈராக்குக்குள் புகுவதற்கு முன்பும் இதே பேச்சுதான். 2003 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், இந்தப் போர் ஆறு நாள் நீடிக்கலாம், ஆறு வாரம் நீடிக்கலாம், ஆறு மாதம் ஆகுமென்று தோன்றவில்லை என்றார். அதே மாதம் தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி, போருக்குப் பிறகு அந்த நாட்டைக் கட்டுக்குள் வைக்கப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படுவார்கள் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். அமைச்சகத்தின் மேலிடம் அதைப் பகிரங்கமாகவே தள்ளுபடி செய்தது. மார்ச் 20-இல் படையெடுப்பு தொடங்கியது, ஏப்ரல் 9-இல் பாக்தாத் விழுந்தது. மூன்று வாரம். மே 1-இல் அதிபர் புஷ் விமானந்தாங்கிக் கப்பலில் நின்று பெரிய சண்டைகள் முடிந்தன என்று அறிவித்தார். எந்தப் பேரழிவு ஆயுதங்களைக் காரணம் காட்டிப் போனார்களோ, அவற்றின் கிடங்கு எதுவும் கடைசிவரை கிடைக்கவில்லை. இந்தப் படையெடுப்பு ஐ.நா. சாசனத்துக்குப் புறம்பானது என்று அப்போதைய பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் 2004-இல் சொன்னார். படைகள் வெளியேற 2011 டிசம்பர் ஆனது.

தொலைக்காட்சியில் "அறுவை சிகிச்சை போலத் துல்லியமான தாக்குதல்" என்கிறார்கள். தினமும் கத்தி பிடிக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தொடையைத் திறப்பதற்கு முன் ரத்தம் எத்தனை யூனிட் தயாராக இருக்கிறது, ஐசியூவில் படுக்கை இருக்கிறதா, ராத்திரி டியூட்டியில் யார், ஆறாவது வாரம் யார் பார்ப்பார்கள் என்று கேட்போம். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் கேஸைத் தள்ளிவைப்போம்.

இந்தக் காலுக்கு வருகிறேன். வெடிகுண்டுக் காயத்தை அன்றே தைத்து மூடக்கூடாது. மண், துணி, இரும்புத் துணுக்கு எல்லாம் சதைக்குள் போயிருக்கும். செத்த சதையை வெட்டி, லிட்டர் லிட்டராகக் கழுவி, காயத்தைத் திறந்தே விட்டு, நாலைந்து நாள் கழித்து மறுபடி பார்த்துத்தான் மூட வேண்டும். போர்க்காயம் பார்க்கிறவர்களுக்கு இது பாலபாடம். ஆனால் அதற்கு அந்த நாலைந்து நாள் வேண்டும். நோயாளி அங்கேயே இருக்க வேண்டும், அல்லது திரும்பி வர முடிய வேண்டும். முதல் நாள் வெட்டிய டாக்டர் அன்றும் இருக்க வேண்டும். தியேட்டரில் மின்சாரம் இருக்க வேண்டும்.

2006 பாக்தாதில் இவற்றில் எது இருந்தது? அந்த வருடம் பிப்ரவரி 22-இல் சாமராவில் ஷியாக்கள் புனிதமாக மதிக்கும் அல் அஸ்காரி பள்ளிவாசலில் குண்டு வைத்தார்கள். ஷியா, சுன்னி என்று தெருத்தெருவாகக் கொலைகள் தொடங்கின. சுகாதார அமைச்சகமே ஒரு தரப்பின் செல்வாக்குக்குள் போய்விட்டதால், மறுதரப்பு மக்கள் அரசு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே பயந்தார்கள். இவர் குடும்பமும் பயந்திருக்கிறது. இரண்டாம் நாளே காயத்தைத் தைத்து அழைத்துப் போய்விட்டார்கள். இரண்டு வாரம் கழித்துக் கால் வீங்கியபோது, ஆபரேஷன் செய்த டாக்டரைத் தேடித் தம்பி போயிருக்கிறார்.

"டாக்டர் சிரியாவுக்குப் போய்ட்டாராம். அவர் அண்ணனைக் கடத்திட்டாங்களாம்" என்றார் பாய்.

ஈராக் மருத்துவத்துக்குப் பஞ்சப்பட்ட நாடாக இருந்ததில்லை. பாக்தாத் மருத்துவக் கல்லூரி 1927-இல் தொடங்கியது. பிரிட்டனில் மேல்படிப்பு முடித்த அறுவை மருத்துவர்கள் அங்கே ஏராளம். அதன் சரிவும் 2003-இல் தொடங்கவில்லை. 1990 ஆகஸ்ட் 2-இல் சதாம் உசேன் குவைத்துக்குள் படையை அனுப்பினார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, குவைத் அவர் கையில். அதற்கு ஈராக் மக்கள் கொடுத்த விலை, 1991-இல் குண்டு விழுந்த மின் நிலையங்களும் பதின்மூன்று வருடப் பொருளாதாரத் தடையும். எங்கள் பாய்க்கு அந்தக் கதை நேரடியாகத் தெரியும். கீழக்கரைக்காரர். அப்போது குவைத்தில் ஒரு கடையில் வேலை பார்த்திருக்கிறார். பாலைவனம் தாண்டி அம்மான் வந்து, ஏர் இந்தியா விமானத்துக்குக் காத்திருந்து, போட்ட சட்டையோடு ஊர் வந்து சேர்ந்தவர். அன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படித்தான் திரும்பினார்கள். "ரெண்டு வருசச் சம்பளப் பாக்கி, டாக்டர்" என்பார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

2003-இல் நடந்த தவறுகளில் என்னை அதிகம் உறுத்துவது குண்டுவீச்சைவிட, பாக்தாத் விழுந்த அடுத்த சில நாட்கள்தான். பிடித்த நகரத்தில் சட்டம் ஒழுங்கைக் காப்பது பிடித்தவன் பொறுப்பு என்று ஜெனீவா, ஹேக் ஒப்பந்தங்கள் சொல்கின்றன. எண்ணெய் அமைச்சகத்துக்கு அமெரிக்கப் படை காவல் நின்றது. ஆஸ்பத்திரிகளுக்கு நிற்கவில்லை. படுக்கை, இன்குபேட்டர், மருந்து என்று கண்ணெதிரே தூக்கிப் போனார்கள். அல் கிந்தி மருத்துவமனை சூறையாடப்பட்டது. அல் ரஷாத் மனநல மருத்துவமனையிலிருந்து நோயாளிகள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பாக்தாதுக்கு வெளியே துவைதா அணுசக்தி வளாகத்தில் பக்கத்துக் கிராமத்து மக்கள் புகுந்து, யுரேனியத் தூள் வைத்திருந்த பீப்பாய்களை எடுத்து, தூளைக் கீழே கொட்டிவிட்டு, பீப்பாயில் குடிதண்ணீர் பிடித்து வைத்தார்கள். குழாயில் தண்ணீர் வராத வீட்டில் ஒரு நல்ல பீப்பாய் கிடைத்தால் அம்மா என்ன செய்வாள்?

மே மாதம் அமெரிக்காவின் இடைக்கால ஆட்சியாளராக வந்த பால் பிரெமர் இரண்டு ஆணைகள் போட்டார். முதலாவது, சதாமின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களை அரசுப் பதவிகளிலிருந்து நீக்கியது. அந்தக் கட்சியில் இல்லாமல் அங்கே பதவி உயர்வே கிடைக்காது என்பதால், ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர்களும் பேராசிரியர்களும் அதில் போனார்கள். இரண்டாவது, ராணுவத்தைக் கலைத்தது. ஏறக்குறைய 4 லட்சம் பேர் ஒரே நாளில் வேலை இழந்து, துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த கையோடு வீட்டுக்குப் போனார்கள். பின்னாளில் ஐ.எஸ். அமைப்பின் ராணுவ மூளையாக இருந்தவர்களில் பலர் இந்தப் பழைய அதிகாரிகள்தான். 2014-இல் அவர்கள் மோசூலைப் பிடித்ததும், திக்ரித் மருத்துவமனையில் நம் செவிலியர்கள் 46 பேர் சிக்கி மீண்டதும் நினைவிருக்கும். மோசூலில் பிடிபட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் திரும்பவே இல்லை.

டாக்டர்கள் குறிவைக்கப்பட்டார்கள். கையில் பணம் இருக்கும் என்று கடத்தினார்கள், எதிர்த்தரப்புக்காரனுக்கு வைத்தியம் பார்த்தான் என்று கொன்றார்கள். 2003-க்கு முன் பதிவு செய்திருந்த ஏறக்குறைய 34,000 மருத்துவர்களில் பாதிக்கு மேல் நாட்டைவிட்டுப் போனதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. முதலில் போனவர்கள் மூத்தவர்கள். அவர்கள் போனால் வெறும் நாற்காலி மட்டும் காலியாவதில்லை, அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தர ஆளில்லாமல் போகிறது. வெடிகுண்டுக் காயத்தை அன்றே தைக்காதே என்று ஒரு பயிற்சி டாக்டரின் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டிய ஆள் அப்போது டமாஸ்கஸிலோ லண்டனிலோ இருந்தார்.

தண்ணீரைப் பாருங்கள். 2007 தொடக்கத்தில் கிளர்ச்சிக்காரர்கள் குளோரின் டாங்கர்களை வெடிகுண்டாக்கினார்கள். அதற்குப் பயந்து குளோரின் வரத்துக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களில் குளோரினுக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்த ஆகஸ்டில் வடக்கே காலரா கிளம்பிப் பாக்தாத் வரை வந்தது. ஆய்வகத்தில் உறுதியானவர்கள் மட்டும் நாலாயிரத்துக்கும் மேல். படையெடுப்பு, கிளர்ச்சி, குளோரின் குண்டு, குளோரின் தடை, காலரா: 2003-இல் போர்த் திட்டம் போட்ட மேஜையில் இந்தச் சங்கிலியை யார் யோசித்திருப்பார்கள்?

சரிசெய்யப் பணம் கொட்டவில்லையா என்றால், கொட்டினார்கள். 150 ஆரம்ப சுகாதார நிலையங்கள் கட்ட ஒப்பந்தம். இரண்டு வருடத்தில் 18 கோடி டாலருக்கு மேல் செலவழிந்தபின் முடிந்திருந்தவை ஆறு என்று அமெரிக்க அரசின் தணிக்கை அதிகாரியே 2006-இல் எழுதினார். கட்டுமான ஆட்களுக்கும் பாதுகாப்பு இல்லை, மேற்பார்வைக்கு ஆளும் இல்லை.

செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் பெரிய சர்ச்சை உண்டு. 2006 ஜூன் வரை வன்முறையில் மட்டும் 1,51,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் பங்கேற்ற ஆய்வு சொன்னது. 2011 வரை அதிகப்படியாக நிகழ்ந்த மரணங்கள் சுமார் நான்கரை லட்சம் என்றது 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குண்டாலோ தோட்டாவாலோ வந்தவை அல்ல. டயாலிசிஸ் இல்லாமல், இன்சுலின் இல்லாமல், பிரசவத்துக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் நின்று உயிர் போனவர்கள் அந்தப் பங்கில்தான் இருப்பார்கள். எந்த நினைவுத்தூணிலும் அவர்கள் பெயர் வராது.

படையெடுத்தவன் வீட்டுக்கும் போர் போனது. அமெரிக்க வீரர்கள் ஏறக்குறைய 4,500 பேர் இறந்தார்கள், 32,000 பேர் காயப்பட்டார்கள். முகாம்களில் குப்பையோடு பிளாஸ்டிக்கையும் ரசாயனத்தையும் போட்டு எரித்த புகையைச் சுவாசித்தவர்களின் நோய்களுக்காக 2022-இல்தான் அங்கே தனிச்சட்டம் வந்தது. அதே 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது, சில நாளில் தலைநகர் கீவ் விழுந்துவிடும் என்று மறுபடி அதே கணக்கைப் போட்டார்கள். அங்கே படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்த நம் மருத்துவ மாணவர்கள் இருவர் எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டு பார்க்கவாவது அனுமதி கேட்டு வந்து நின்றார்கள். இருபது வயதுப் பிள்ளைகள்.

ஈராக்கிலிருந்து அமெரிக்க வீரர்கள் ஊருக்கு இன்னொன்றும் கொண்டுபோனார்கள். அசினிடோபாக்டர் என்ற கிருமி. ஆஸ்பத்திரிகளில் மேஜை, வென்டிலேட்டர் குழாய் என்று எங்கும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஜெர்மனியின் லாண்ட்ஸ்டூல், வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைகளில் ஈராக்கிலிருந்து வந்தவர்களின் காயத்தில் இது தென்பட ஆரம்பித்தது. ரத்தம்வரை போன 102 பேரைப் பற்றி 2004 நவம்பரில் அறிக்கை வந்தது. முதலில் ஈராக் மண்ணைத்தான் சந்தேகப்பட்டார்கள். தேடியபோது போர்முனை ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே கிடைத்தது. அவசரத்தில் எல்லோருக்கும் பலமான ஆன்டிபயாடிக், கை கழுவ நேரமில்லாத நெரிசல். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது.

சீழில் என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் என் நோயாளிக்கு ஐந்தாம் நாள் வந்தது. அசினிடோபாக்டர். பரிசோதித்த மருந்துகளில் வேலை செய்தது கோலிஸ்டின் ஒன்றுதான், அது சிறுநீரகத்தைப் பதம்பார்க்கிற மருந்து. உடைந்த பிளேட்டை எடுத்து, செத்த எலும்பைத் துண்டு துண்டாக அகற்றினேன். மறுபடி கம்பிச் சட்டம். மொத்தம் ஒன்பது மாதம் ஆகும் என்று சொல்லிவைத்தேன்.

போர் நடக்கும் நாட்டிலிருந்து வரும் நோயாளியைச் சேர்க்கிற சக மருத்துவர்கள் ஒன்று செய்யுங்கள். அடிபட்ட வருடத்தையும், படுத்த ஒவ்வொரு ஆஸ்பத்திரியையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். முதல் நாளே கல்ச்சர் எடுங்கள். ரிப்போர்ட் வரும்வரை தனி அறை கொடுங்கள், பொது வார்டில் போடாதீர்கள்.

நானும் அவரைத் தனி அறையில்தான் வைத்தேன். கதவில் மஞ்சள் அட்டை, உள்ளே போகிறவர்களுக்குக் கவுனும் கையுறையும். ரிப்போர்ட் வந்த மறுநாள் ரவுண்ட்ஸில் அவர் பாயிடம் வெகுநேரம் பேசினார். பாய் உடனே மொழிபெயர்க்கவில்லை, கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டே நின்றார்.

"என்ன பாய்?"

"எல்லாரும் மூடிக்கிட்டு வர்றாங்களே, என்னால மத்தவங்களுக்கு ஆபத்தான்னு கேக்கிறார், டாக்டர். என்ன சொல்லட்டும்?"

கிருமி பற்றி, காரணம் பற்றி, நாங்கள் எடுக்கும் எச்சரிக்கை பற்றி நான் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு, இந்தக் கிருமி அந்தச் சந்தையிலேயே காலுக்குள் போனதா, பிறகு வந்ததா என்று கேட்டார். பிறகு வந்ததுதான், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் வந்திருக்கும் என்றேன். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக அலைந்தவர் அவர்தான்.