ஹாபின்னா பொழுதுபோக்கு மட்டும்தானா?

எந்த ஆப்புல புரொஃபைல் ஓபன் பண்ணாலும் ஹாபின்னு ஒரு கட்டம் வந்து நிக்கும். பேரு, வேலை, பிறந்த தேதி எல்லாம் கடகடன்னு டைப் பண்றவங்க கூட அங்க வந்ததும் கொஞ்சம் யோசிச்சுட்டு புக்ஸ், மியூசிக், டிராவல்னு மூணு சொல்ல போட்டுட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிடுவாங்க. தமிழ்ல எழுதறவங்களா இருந்தா "பொழுதுபோக்கு: வாசிப்பு, இசை, பயணம்". அகராதிய புரட்டினாலும் ஹாபிக்கு நேரா பொழுதுபோக்குன்னுதான் இருக்கு. எனக்கு இந்த ஜோடி ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டும் ஒண்ணில்லைங்கறதுதான் என் கட்சி.

மொதல்ல ஹாபி. (ஹாப்பி இல்ல. ஒரு ப் சேந்துட்டா அது சந்தோஷம்.)

இந்தச் சொல் ஆதியில ஒரு குதிரைங்க. நெஜமாவே உயிருள்ள குதிரை. அயர்லாந்துப் பக்கம் வளந்த, உருவத்துல சின்னதா, நடையில சுறுசுறுப்பா இருந்த ஒரு சவாரிக் குதிரைக்கு ஹாபின்னு பேரு, அந்த இனமே இப்ப இல்ல, அழிஞ்சு போச்சு. 13, 14ஆம் நூற்றாண்டுச் சண்டைகள்ல இந்தக் குதிரை மேல போன இலகுவான ஆயுதம் தாங்கின வீரர்களுக்கு ஹாபிலார்னே பேரு இருந்துச்சு. குதிரைக்கு ஏன் அந்தப் பேருன்னா, ராபின், ராபர்ட்டுங்கற ஆள் பேரைச் செல்லமா ஹாப், ஹாபின்னு சுருக்கிக் கூப்பிடுவாங்க, அதையே குதிரைக்கும் வச்சிருப்பாங்கங்கறதுதான் சொல் ஆராயறவங்க பலரும் சொல்ற காரணம்.

அப்புறம் அந்தக் குதிரைக்கு உயிர் போயி பொம்மையாச்சு. இங்கிலாந்துல மாரிஸ்ங்கற நாட்டுப்புற நடனம் ஆடறவங்க இடுப்பச் சுத்தி குதிரை மாதிரி ஒரு சட்டத்த மாட்டிக்கிட்டு ஆடுவாங்க, குழந்தைங்க ஒரு குச்சி நுனியில குதிரைத் தலையைச் செருகி காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு ஓடுவாங்க, ரெண்டுக்கும் ஒரே பேருதான், ஹாபி ஹார்ஸ். தமிழ்ல பொய்க்குதிரைன்னு சொல்லிக்கலாம். 17ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள இந்தப் பொய்க்குதிரைக்கு இன்னொரு அர்த்தமும் ஏறிடுச்சு: ஒருத்தருக்குப் பிடிச்சுப்போன விஷயம், எந்நேரமும் அதையே பேசிக்கிட்டு அதையே செஞ்சுக்கிட்டு இருக்கறது. ஏன் அப்படின்னு யோசிச்சா ரொம்ப அழகா இருக்கு. பொய்க்குதிரை உங்கள எங்கயும் கொண்டு போகாது, ஓடறது உங்க கால்தான், மூச்சு வாங்கறதும் உங்களுக்குத்தான், பாக்கறவங்களுக்கு இதுல என்ன இருக்குன்னே புரியாது, ஆனா மேல இருக்கறவருக்கு மட்டும் அது நாலுகால் பாய்ச்சல்.

இந்த அர்த்தத்த ஊரறியச் செஞ்சது லாரன்ஸ் ஸ்டெர்ன். 1759லருந்து 1767 வரைக்கும் பகுதி பகுதியா வெளியான அவரோட டிரிஸ்ட்ரம் ஷாண்டி நாவல்ல டோபின்னு ஒரு மாமா இல்ல சித்தப்பா (இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் அங்கிள்தான், இதுல அப்பாவோட தம்பி, அதனால சித்தப்பான்னே வைங்க). போர்ல அடிபட்டு வீட்டோட வந்துட்ட மனுஷன், தோட்டத்துப் புல்வெளியில கோட்டை கொத்தளம்லாம் சின்னச் சின்னதா கட்டி, போர் நடக்கற எடத்தையெல்லாம் அங்கயே உண்டாக்கி அதுலயே முழுகிக் கெடப்பாரு. அவரோட அந்தக் கிறுக்கத்தான் ஸ்டெர்ன் ஹாபி ஹார்ஸ் ஹாபி ஹார்ஸ்னு பக்கம் பக்கமா எழுதறாரு. இன்னிக்கு மினியேச்சர் மாடல் செஞ்சு வீடியோ போடறவங்கள பாக்கறப்பல்லாம் எனக்கு டோபி சித்தப்பாதான் ஞாபகத்துக்கு வருவாரு. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஹார்ஸ் கழண்டு விழுந்து, ஹாபி மட்டும் தனியா நின்னுடுச்சு.

ஜெர்மன்காரங்க இன்னும் குதிரையை விட்ட பாடில்ல, அவங்க பாஷையில ஹாபிக்கு ஷ்டெக்கன்ஃபெர்ட்னு ஒரு சொல் உண்டு, குச்சிக்குதிரைன்னு அர்த்தம். பிரெஞ்சுல ஒரு ஜோரான வழக்கு இருக்கு: ஆங்க்ரோட வயலின்னு சொல்வாங்க. ஆங்க்ர் 1780ல பிறந்த பெரிய ஓவியர், அவருக்கு வயலின் வாசிக்கறதுல அப்படி ஒரு ஆசை, அதனால தொழிலத் தாண்டி ஒருத்தர் மனசார செய்யற எதுவா இருந்தாலும் அது அவரோட "ஆங்க்ர் வயலின்". மிதிக்கற பெடல் இல்லாத ஆதிகாலத்து ரெண்டு சக்கர வண்டிய 1817ல கார்ல் டிராயிஸ்னு ஒரு ஜெர்மன்காரர் செஞ்சாரு, அது இங்கிலாந்துக்கு வந்தப்ப அதையும் ஜனங்க ஹாபி ஹார்ஸ்னுதான் கூப்பிட்டாங்க, காலால தரையை உந்தி உந்திப் போகணும், வேற எப்படிக் கூப்பிடறது.

ஒரு கிளைக்கதை. ஹாபின்னு ஒரு பறவையும் இருக்கு, சின்ன வல்லூறு வகை, அந்தப் பேரு பழைய பிரெஞ்சுலருந்து வந்தது, குதிரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 1940கள்ல பீட்டர் அடால்ஃப்னு ஒரு பறவைப் பிரியர் மேசை மேல விரலால சுண்டி ஆடற ஃபுட்பால் விளையாட்டு ஒண்ணு கண்டுபிடிச்சு அதுக்கு ஹாபின்னு பேரு வைக்கலாம்னு டிரேட்மார்க் கேட்டாரு, ரொம்பப் பொதுவான சொல், தர முடியாதுன்னுட்டாங்க. மனுஷன் சளைக்கல, அந்தப் பறவையோட அறிவியல் பேரு ஃபால்கோ சப்யூட்டியோ, அதுலருந்து பாதிய எடுத்து விளையாட்டுக்கு சப்யூட்டியோன்னு வச்சுட்டாரு. ஹாபியால பொறந்த ஹாபிக்கு ஹாபின்னு பேரு வைக்க முடியாம ஹாபியோட பேரையே வச்ச கதை, இத விட குழப்பமா எழுத எனக்கு வராது.

சரி, பொழுதுபோக்குக்கு வருவோம். பொழுது நமக்கு ரொம்பப் பெரிய சொல். தொல்காப்பியத்துல நிலமும் பொழுதும்தான் முதற்பொருள், அதாவது எது நடந்தாலும் இந்த ரெண்டுக்குள்ளதான் நடக்கணும். அப்படிப்பட்ட பொழுத என்ன பண்றோம்? போக்கறோம். போ, போக்கு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. போன்னா தானா போறது, போக்குன்னா நாம போக வைக்கறது. வறுமையைப் போக்கு, பசியைப் போக்கு, களைப்பைப் போக்கு, சந்தேகத்தைப் போக்குன்னு சொல்றோம். போக்கற பட்டியல்ல இருக்கற எல்லாமே தொல்லைங்கதான், அதுக்கு நடுவுல பொழுதும் வந்து உக்காந்திருக்கு! நேரத்த ஒரு வலி மாதிரி பாவிச்சு அத ஒழிக்கறதுக்கு வழி தேடற சொல் இது. தப்பான சொல்னு சொல்லல, அந்த வேலைக்கு அது ரொம்பப் பொருத்தம். இங்கிலீஷ்ல இதுக்கு நேர் சமம் பாஸ்டைம், அதுவும் நேரத்தக் கடத்தறதுங்கற பிரெஞ்சுச் சொல்ல வச்சு உண்டானதுதான். நம்ம பேச்சு வழக்குல டைம்பாஸ். "சும்மா டைம்பாஸுக்கு ரீல்ஸ் பாத்துட்டு இருந்தேன்"னு சொல்றப்போ பொழுதுபோக்கு நூத்துக்கு நூறு உக்காருது.

ஆனா ராத்திரி கண்ணு எரிய எரிய ஒரு பழைய ரேடியோவ பிரிச்சுப் போட்டு, அதுக்குப் பொருத்தமான ஒரு சின்ன பாகத்துக்காக உலகத்துல இருக்கற அத்தனை சைட்டையும் அலசிக்கிட்டு இருக்கறவருகிட்ட போயி, பொழுதுபோக்கா சார்னு கேட்டுப் பாருங்களேன். அவருக்குப் பொழுதே பத்தல, எங்கேர்ந்து போக்கறது. ராபர்ட் ஸ்டெபின்ஸ்னு ஒரு சமூகவியலாளர் 1982லயே இதுக்கு ஒரு கோடு கிழிச்சாரு, ஓய்வுநேரத்துல செய்யறதுல சும்மா செய்யறது ஒண்ணு, தீவிரமா செய்யறது இன்னொண்ணுன்னு. தீவிரமானதுக்குப் பயிற்சி வேணும், நடுவுல கஷ்டம் வரும், விடாம செய்யணும், ஹாபிக்காரங்கள அவரு இந்தப் பக்கம்தான் சேத்தாரு. டிவி, ஸ்க்ரோலிங் எல்லாம் அந்தப் பக்கம். தமிழ்ல நாம ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சொல்ல வச்சிருக்கோம், போதாததுக்கு எண்டர்டெயின்மென்ட்டுக்கும் அதேதான், பூங்காவுக்கும் அதேதான்.

கம்ப்யூட்டர் உலகத்துல ஹாபிங்கற சொல்லுக்குத் தனி வரலாறே இருக்கு. 1976 பிப்ரவரியில பில் கேட்ஸ் எழுதின ஒரு கடிதம் பிரசித்தம், தலைப்பே ஹாபியிஸ்ட்டுகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம். நாங்க உழைச்சு எழுதின பேசிக்ங்கற புரோகிராமிங் மொழி மென்பொருள காசு குடுக்காம காப்பி அடிக்கறீங்களேன்னு ஒரே புலம்பல், அப்ப அவருக்கு வயசு 20. அந்தக் காலத்துல சொந்தமா கம்ப்யூட்டர் வச்சிருந்தவங்கள்ல பெரும்பாலும் ஹாபிக்காரங்கதான், வீட்டுல உக்காந்து தானே சோல்டரிங் பண்ணி மாட்டின கூட்டம் அது. அதுக்கு 15 வருஷம் கழிச்சு, 1991 ஆகஸ்ட் 25ஆம் தேதி லினஸ் டோர்வால்ட்ஸ்னு 21 வயசு ஃபின்லாந்து மாணவர் இணையத்துல ஒரு தகவல் போடறாரு, நான் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் செஞ்சுட்டு இருக்கேன், சும்மா ஹாபிதான், பெருசாவோ புரொஃபஷனலாவோ ஆகாதுன்னு. அதுதான் லினக்ஸ். ஆண்ட்ராய்டு ஃபோனோட அடியில இருக்கறதும் அதோட கர்னல்ங்கற மையப்பகுதிதான், 2017 நவம்பர்லருந்து உலகத்தோட டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர் அத்தனையும் ஓடறதும் அதுலதான். இப்ப அவரு சொன்ன அந்த "சும்மா ஹாபிதான்"ங்கறத தமிழ்ல "சும்மா பொழுதுபோக்குக்குத்தான்"னு எழுதினா எவ்ளோ சப்புன்னு ஆகுது பாருங்க. அவரு தன்னடக்கமா சொன்னாரு, நாம அத சோம்பேறித்தனமா ஆக்கிடறோம்.

இந்தக் காலத்துல இன்னொரு கூத்து வேற. எத செஞ்சாலும் உடனே "இத கன்டென்ட்டா போடலாமே, மானிடைஸ் பண்ணலாமே"ன்னு யாராவது வந்துடறாங்க. போட்டோ எடுத்தா பேஜ் ஆரம்பிக்கணும், வரைஞ்சா காசுக்கு ஆர்டர் வாங்கணும். காசு பாக்கறது தப்பில்ல, ஆனா டெட்லைன் வந்துட்டா அது வேலைங்க, அதுக்கு ஹாபின்னு பேரு கெடையாது. குதிரை அப்ப எங்கயோ போயே ஆகணும்.

அப்ப சரியான தமிழ்ச் சொல் எது? பேச்சுத் தமிழ்கிட்ட கேட்டா அது பட்டுனு சொல்லிடும்: கிறுக்கு, பைத்தியம், பித்து. "அவனுக்கு கேமரா கிறுக்கு", "அவங்க சரியான புக்கு பைத்தியம்". ஸ்டெர்ன் சொன்ன பொய்க்குதிரைக்கு இத விடக் கிட்டக்க ஒரு சொல் எந்த மொழியில இருக்கும்னு தெரியல, ஆனா ரெஸ்யூம்ல பைத்தியம்னு ஒரு தலைப்பு போட முடியாது. ஈடுபாடுங்கற சொல்ல சிலர் சொல்றாங்க, நல்ல சொல்தான், ஆனா அது அரசியல் ஈடுபாடு, ஆன்மிக ஈடுபாடுன்னு எல்லாத்துக்கும் போயி நிக்கும். விருப்பம்னா அடர்த்தி பத்தல, எனக்கு நீல நிறம் கூடத்தான் விருப்பம், அது ஹாபியா? ஓய்வுநேரப் பணின்னு எழுதினா ஆபீஸ் சுற்றறிக்கை வாசம் அடிக்குது.

என் ஓட்டு ஆர்வத்துக்குத்தான். ஏன்னா செய்யறவருக்கு ஏற்கெனவே ஆர்வலர்ங்கற சொல் ஜம்முனு பழக்கத்துல இருக்கு, பறவை ஆர்வலர், புகைப்பட ஆர்வலர், வானியல் ஆர்வலர். இது புதுசா செஞ்ச சொல்லும் இல்ல. "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்"னு குறள் 71லயே இருக்கு, அங்க ஆர்வலர்னா அன்பு கொண்டவர். இங்கிலீஷ்ல ஹாபிக்காரருக்கு இன்னொரு பேரு அமெச்சூர் இல்லையா, அதோட லத்தீன் வேர பிடிச்சுப் போனா அமாட்டோர், அன்பு செய்யறவர்னுதான் அர்த்தம்! ரெண்டு மொழியும் சொல்லி வச்ச மாதிரி ஒரே இடத்துல வந்து நிக்குது. நாம என்னடான்னா "ரொம்ப அமெச்சூரா இருக்கு"ன்னு திட்டறதுக்கு மட்டும் அந்தச் சொல்ல வச்சிருக்கோம். 1781ல யுரேனஸ் கிரகத்தக் கண்டுபிடிச்ச வில்லியம் ஹெர்ஷல் அப்ப தொழில்ல இசைக்கலைஞர், வானத்தப் பாத்தது ஆர்வத்துல, தொலைநோக்கியும் தன் கையாலயே செஞ்சது.

அதே அதிகாரத்துல 74வது குறள், "அன்பீனும் ஆர்வம் உடைமை அதுஈனும் நண்பென்னும் நாடாச் சிறப்பு". அன்பு ஆர்வத்தப் பெத்துப் போடும், ஆர்வம் நட்பப் பெத்துப் போடும். முகமே தெரியாதவங்க ஒரு கீபோர்டு சுவிட்சோட சத்தத்தப் பத்தியோ ஒரு பழைய லென்ஸப் பத்தியோ விடிய விடிய சாட் பண்ணி ஃப்ரெண்ட்ஸாகிடறாங்கள்ல, அதுக்கு உரை எழுதச் சொன்னா நான் இந்தக் குறளத்தான் எடுப்பேன்.

அதனால டைம்பாஸுக்குப் பொழுதுபோக்கு இருந்துட்டுப் போகட்டும், ஹாபிக்கு ஆர்வம், ஹாபியிஸ்ட்டுக்கு ஆர்வலர். "எனக்குப் புகைப்பட ஆர்வம் உண்டு"ன்னு எழுதினா தமிழும் உறுத்தாது, அர்த்தமும் குறையாது. ஒண்ணே ஒண்ணு பாத்துக்கணும், எதுல ஆர்வம்ங்கறத முன்னாடி சேத்தே எழுதுங்க. வெறும் ஆர்வலர்னு விட்டீங்கன்னா படிக்கறவங்க சமூக ஆர்வலர்னு எடுத்துக்கிட்டு எந்தப் போராட்டத்துக்கு எப்ப கெளம்பறீங்கன்னு இன்பாக்ஸ்ல வந்து கேப்பாங்க.