பிடிப்பது எளிது, விடுவதுதான் கடினம்

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். பாசம் என்று பாட்டிமார் பூரிப்பார்கள். அது வெறும் அனிச்சைச் செயல். சுமார் ஆறு மாதத்திற்குள் அது மங்கிவிட, குழந்தை தானாக விரும்பிப் பிடிக்கத் தொடங்குகிறது. முதலில் முழுக்கையால் வாரும். ஒன்பது, பத்து மாதங்களில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்ய, தரையில் கிடக்கும் ஒற்றைப் பொரியும் தப்பாது.

எடுத்ததை நினைத்த நேரத்தில் விடுவதோ வேறு வித்தை. விரல்களை மடக்கும் தசைகள் தளர வேண்டும். நீட்டும் தசைகள் அளவோடு இழுக்க வேண்டும். இவற்றில் பெரியவை முன்னங்கையில் இருக்கின்றன. தசைநாண்கள் பொம்மலாட்டக் கயிறுகளைப் போல விரல்களை ஆட்டுகின்றன. இந்த இழுப்பையும் தளர்வையும் மூளை நேரம் பார்த்து ஏவ வேண்டும். அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்பு உறை படரப் படரக் கட்டளை வேகமாகப் போகிறது. அந்த உறை முழுமையடையப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, கோலாலம்பூரின் செந்தூல் அடுக்குமாடி வீடொன்றில் சாப்பிட உட்கார்ந்து கரண்டியைத் திரும்பத் திரும்பக் கீழே போடும் ஒரு வயதுப் பிள்ளையைக் குறும்பு என்று அதட்டுவது நியாயமில்லை. அது பயிற்சி. குனிந்து எடுப்பவரின் இடுப்புக்கும்தான்.

கட்டை அடுக்குவதிலும் இதே சிக்கல். பதினெட்டு மாதத்தில் மூன்று கட்டைகள், இரண்டு வயதில் ஆறு என்பது பொதுவான கணக்கு. வைக்கும்போது நிற்கும் கோபுரம் கையை எடுக்கும்போது சரிந்துவிடும்.

இந்த வயதிலேயே பென்சிலைத் திணிக்கும் அவசரம் எனக்குப் புரிவதில்லை. மணிக்கட்டில் எட்டு எலும்புகள். பிறக்கும்போது எல்லாம் குருத்தெலும்பு. இரண்டு வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பொதுவாக எலும்பாகத் தொடங்கிவிட்ட இரண்டு மூன்றுதான் தெரியும். பென்சில் பிடித்தால் கை கெட்டுவிடாது. ஆனால் முஷ்டியால் பிடித்துத் தோளால் கிறுக்குவதுதான் அந்த வயதுக்கு இயல்பு. அந்த நேரத்தில் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுத்துப் பிசையவிட்டால் உள்ளங்கையின் சிறு தசைகளுக்கு நல்ல வேலை.

விடுதலின் உச்சம் பல்லாங்குழி. மலாய்க்காரர்களின் சொங்காக் என்ற குழியாட்டமும் அதன் உறவுதான். கை நிறையக் காய்களை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் விரல்நுனிக்கு நகர்த்திக் குழியில் போட வேண்டும். ஆனால் சோழியும் புளியங்கொட்டையும் தொண்டையில் அடைக்கும். மூன்று வயதுக்குக் கீழே தரவே கூடாது. அதுவரை பால்மாவு டின்னின் பிளாஸ்டிக் மூடியில் ஒரு நீளக் கீறல் போட்டு, காலாவதியான டச் அன் கோ கட்டண அட்டைகள் நான்கைந்தைக் கொடுங்கள். உள்ளே போடுவதும் கொட்டுவதுமாகப் பிள்ளை வெகுநேரம் விளையாடும்.