வெள்ளிக்கிழமைச் சீட்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கேட்டருகே பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். பெரும்பாலும் பாட்டிகள். அம்மாமார் நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போயிருப்பார்கள். என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "டீச்சர், எம் பேரன் எத்தனை மார்க்கு வாங்குறான்?"

பேரன் படிப்பது இரண்டாம் வகுப்பு. ஏழு வயது. எண்பது என்று சொன்னால் பாட்டி சிரித்தபடி போவார். முப்பது என்று சொன்னால் அங்கேயே பையன் தலையில் ஒரு குட்டு விழும். அந்த ஐந்து நாளில் பையன் புதிதாக எதைக் கற்றான், எந்த இடத்தில் நிற்கிறான் என்பது இரண்டு பதிலிலும் பாட்டிக்குத் தெரியாது. தெரிந்தால்தானே வீட்டில் ஏதாவது செய்ய முடியும்? இதைப் பெற்றோருக்காகவும், என்னைப் போன்ற இடைநிலை ஆசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன்.

எங்களுடையது திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை என்னிடம், நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தபிறகு முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் நிலையைப் பார்த்துப் பிரித்து உட்கார வைக்கிறோம். எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைக்கும் எழுதப் படிக்க, அடிப்படைக் கணக்குப் போட வரவேண்டும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் இலக்கு. "மூணாப்பு படிக்கிற புள்ளைய அரும்புல போட்டு வச்சிருக்கீங்களே டீச்சர்" என்று ஓர் அம்மா அழுதேவிட்டார். அந்தப் பிள்ளை அந்தந்த வகுப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகச் சும்மா உட்கார்ந்திருந்தது என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அரும்பில் வைத்த பிறகுதான் அந்தப் பிள்ளை வாயைத் திறந்து படிக்கத் தொடங்கியது.

ஒரு வாரத்தில் ஒரு குழந்தைக்கு என்ன நடக்கிறது என்பதை ஒரு பையனை வைத்தே சொல்கிறேன். திங்கட்கிழமை காலை அட்டையில் 'காகம்' என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். "கரகம்" என்று படித்தான். 'பாடம்' காட்டினேன். "பரடம்". வெளியில் இருந்து பார்த்தால் இந்தப் பையனுக்குப் படிப்பு வரவில்லை என்று தோன்றும். அவன் செய்ததைக் கூர்ந்து பாருங்கள். க தெரியும், ர தெரியும், ம் தெரியும். துணைக்கால் பார்ப்பதற்கு ர மாதிரியே இருப்பதால் அதையும் ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டு ஒழுங்காகக் கூட்டிப் படித்திருக்கிறான். அவனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. அந்தக் கால் தனியாக ஒலிக்காது, முன்னால் நிற்கும் எழுத்தை நீட்டச் சொல்கிறது.

அந்த வாரம் முழுக்க அவனுக்கு அதுதான் பாடம். கையை நீட்டச் சொல்லி "க" என்றால் கையை மடக்கி வைப்பது, "கா" என்றால் நீட்டுவது. மணலில் 'க' எழுதி, பக்கத்தில் ஒரு குச்சியை வளைத்துக் கால் போடுவது. 'மரம்', 'மாரம்', 'மராம்' என்று கால் இடம் மாறினால் சொல் என்ன ஆகிறது என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பது. புதன்கிழமை 'மாமா' படித்தான். வியாழக்கிழமை 'தாத்தா'. வெள்ளிக்கிழமை 'காகம்' அட்டையைக் காட்டினேன். "கர..." என்று தொடங்கி நிறுத்தினான். விரலைக் காலின் மேல் வைத்தான். "காகம்" என்றான்.

அந்த நிறுத்தம்தான் அவனுடைய அந்த வாரச் சாதனை. தன் பிழையைத் தானே பிடித்திருக்கிறான். இதற்கு நான் எத்தனை மார்க் போடுவது?

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்து. ஒவ்வொன்றாகக் கற்பதாகப் பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் "ஒரு வாரமா கா-வையே நடத்துறாங்க" என்று குறைப்படுகிறார்கள். காலின் வேலை புரிந்துவிட்டால் அதுவரை தெரிந்த அத்தனை அகர எழுத்துக்கும் நெடில் கையில் வந்துவிடும். அது சின்ன வாரம் இல்லை. அடுத்துக் கொம்பு வரும்போது மறுபடி வேகம் குறையும். ஒலிக்கும்போது பின்னால் வருகிற ஒலிக்கு எழுத்தில் முன்னால் குறி போட வேண்டியிருக்கிறது. 'கொ'வில் முன்னாலும் பின்னாலும் போட வேண்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, குறில், நெடில் என்று ஒரே நேரத்தில் நான்கைக் கவனிக்க வேண்டிய வாரம் அது. அந்த வாரத்தில் பிள்ளை திணறினால் திட்டாதீர்கள்.

வீட்டில் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. பிள்ளை பாடத்தைக் கடகடவென்று வாசிக்கும். அப்பாவுக்குப் பெருமை. விரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாய் மூன்றாவது வரியில் இருக்கும், விரல் முதல் வரியில் இருக்கும். பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். படத்தைக் கையால் மறைத்துவிட்டு நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பிஸ்கட் பாக்கெட், ரேஷன் கடை போர்டு, பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர் என்று பாடத்தில் இல்லாத ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட 'நுழை' என்ற தொடக்க நிலை வரிசைக் கதைப் புத்தகங்களை இதற்காகவே வைத்திருக்கிறேன். முன்பின் பார்க்காத நான்கு வரியைத் தட்டுத் தடுமாறிப் படிக்கிற பிள்ளை, பழகிய பாடத்தைப் பாட்டாகப் பாடுகிற பிள்ளையைவிட முன்னால் இருக்கிறது. கையெழுத்து விஷயமும் அப்படித்தான். முத்து முத்தாக ஒரு பக்கம் எழுதியிருக்கும், எழுதியதில் ஒரு சொல்லைப் படிக்கச் சொன்னால் முழிக்கும். பார்த்து வரைந்திருக்கிறது.

கணக்கிலும் தவறான விடைக்குள் ஒரு காரணம் இருக்கும். 52-இல் 28-ஐக் கழிக்கச் சொன்னால் வகுப்பில் நாலைந்து பேர் 36 என்று எழுதுவார்கள். எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. பெரியதிலிருந்து சின்னதைத்தான் எடுக்க முடியும் என்று முதல் வகுப்பில் நாம் சொன்னதை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள். சிவப்பு மையில் தப்பு போட்டால் அடுத்த கணக்கிலும் இதே தப்பு வரும். பத்துப் பத்து ஈர்க்குச்சியாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டும், இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, "இருபத்தெட்டு குச்சி எனக்குக் குடு" என்று கேட்டால் பிள்ளை உதிரியைப் பார்க்கும், கட்டைப் பார்க்கும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றும். கடன் வாங்கிக் கழித்தல் அங்கேதான் புரிகிறது. பலகையில் அடித்துத் திருத்தி எழுதிக் காட்டுவதை நான் அதற்குப் பிறகுதான் செய்வேன்.

நூற்று ஐந்து என்று சொன்னால் 1005 என்று எழுதுகிற பிள்ளையும் கேட்டதைத்தான் எழுதுகிறது. நூறு, பக்கத்தில் ஐந்து. தொண்ணூற்று மூன்று என்றால் காதில் 'நூற்று மூன்று' விழுந்து 103 என்று எழுதிவிடும். நம் மொழியில் தொண்ணூறுக்குள் நூறும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் ஒலிப்பதால் வருகிற குழப்பம் இது. சொல்லிக் கொடுக்க இரண்டு நாள் போதும். கண்டுபிடிக்காமல் விட்டால் ஐந்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

இதையெல்லாம் எழுதி வைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளைக்கு ஒரு வரி. திங்கட்கிழமை முடியாதது எது, இன்று முடிந்தது எது. மதிப்பீடுகளைக் கைபேசிச் செயலியிலும் பதிகிறோம். அது துறைக்குப் போகிறது. 2012-13இல் முப்பருவ முறை வந்ததிலிருந்தே பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் செய்யும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்துப் போட்டுப் பழகியவர்கள் நாங்கள். அந்த நாற்பதையும் பதிவேட்டில் எண்ணாக நிரப்பிவிட்டு மூடிவைத்த காலம் எனக்கும் உண்டு.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் 'இந்த வார நட்சத்திரம்' என்று சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். வாரம் ஒரு பிள்ளையின் பெயர், பொன்னிற ஸ்டார். மூன்று மாதத்தில் பார்த்தால் நான்கே பெயர்கள் மாறி மாறி வந்திருந்தன. நான்கும் அம்மா அல்லது அப்பா வீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிற பிள்ளைகள். பின்பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி வெள்ளிக்கிழமை மதியம் ஆனாலே வயிறு வலிக்கிறது என்பாள். எனக்குப் புரிய அத்தனை வாரம் ஆனது. சார்ட்டைக் கிழித்து எடுத்தேன். அவள் அந்த நாட்களில் ல, ள, ழ மூன்றையும் பிரித்து ஒலிக்கக் கற்றிருந்தாள். நான் அதைச் சொல்லவே இல்லை.

கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்தது. சிலருக்கு வெறும் மதிப்பெண், சிலருக்கு எது நன்றாக இருந்தது, எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண்ணைப் பார்த்ததும் குறிப்பு கண்ணில் படாமல் போய்விடுகிறது என்றுதான் என் அனுபவமும் சொல்கிறது.

சார்ட் போன இடத்தில் சீட்டு வந்தது. நோட்டில் எழுதும் வரியைச் சின்னத் துண்டுத் தாளில் எழுதி வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுக்கிறேன். ஒருவர் விடாமல். ஆரம்பத்தில் "துணைக்கால் எழுத்துகளில் முன்னேற்றம்" என்று எழுதினேன். வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை, பல வீடுகளில் படிக்கவே ஆள் இல்லை. இப்போது பிள்ளை தானே படித்துக் காட்டக்கூடிய சொற்களை மட்டும் எழுதுகிறேன். கால் கற்ற பையன் சீட்டில் 'காகம், மாமா, தாத்தா, பாடம்' என்ற நான்கு சொல். பாட்டிக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, பேரன் படிக்கக் கேட்டால் போதும். கணக்குச் சீட்டில் ஒரு கழித்தல். பிள்ளை அதைக் குச்சி வைத்துப் போட்டுக்காட்ட வேண்டும்.

நோட்டினால் நான் எதிர்பாராத ஒரு நன்மையும் நடந்தது. ஒரு சிறுவனுக்குத் தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமை ஒரே வரியை எழுதியிருக்கிறேன்: 'பலகையைப் பார்த்து எழுதினால் பிழை, புத்தகத்தைப் பார்த்து எழுதினால் பிழையில்லை.' மூன்றாவது முறை எழுதும்போதுதான் உறைத்தது. அரசு மருத்துவமனையில் கண்ணைச் சோதித்தார்கள், கண்ணாடி இலவசமாகவே கிடைத்தது. அவனைக் கவனமில்லாத பிள்ளை என்று நானே இரண்டு முறை சொல்லியிருந்தேன். பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறது என்றால் காதைச் சோதியுங்கள். இரண்டு மூன்று மாதமாகச் சீட்டில் அதே சொற்களே வருகின்றன என்றால் ஆசிரியரிடம் கேளுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வந்து பார்ப்பார்கள். நீங்களாகவே "மண்டையில ஏறாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அதுவும் பிள்ளை காதுபட.

பெற்றோரிடம் கேட்பது இன்னும் ஒன்று. திங்கட்கிழமை பிள்ளையை அனுப்பிவிடுங்கள். குலதெய்வம் கோயில், காதுகுத்து, சொந்தக்காரர் வீடு என்று ஞாயிறு போய்த் திங்கள் தங்கிவிடுகிறார்கள். புதிய குறியைத் திங்கட்கிழமைதான் தொடங்குகிறேன். அன்று வராத பிள்ளை வாரம் முழுக்க மற்றவர்கள் சொல்வதைப் பார்த்து வாயசைத்துக்கொண்டிருக்கும்.

போன வாரம் கால் கற்ற பையனின் பாட்டி கேட்டில் மார்க் கேட்கவில்லை. "மாமான்னு படிச்சான் டீச்சர். அவன் மாமன் திருப்பூர்ல இருக்கான்ல, அவனுக்குப் போன் போட்டு அதையும் படிச்சுக் காட்டினான்" என்றார். "இந்த வாரம் என்ன எழுதிக் குடுத்திருக்கீங்க?" என்று சீட்டை வாங்கிப் பேரன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அவன் படித்தான். 'பெட்டி' வந்தது. 'மேளம்' வரவில்லை, "மெளம்" என்றான். திங்கட்கிழமை இரட்டைக் கொம்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.