645 பொருள் கொண்ட ஒரு சொல்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் குழந்தைக்கு முதல் சில நாட்களிலேயே சொல்லிக்கொடுக்கப்படும் சொற்களில் ஒன்று ‘ரன்’. ஓடு என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லின் வினைப் பொருள்களை மட்டும் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 2011இல் அவர் வேலையை முடித்தபோது 645 பொருள்கள் இருந்தன. அதற்கு முன் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது ‘செட்’. 1989இல் வெளியான இரண்டாம் பதிப்பில் அதற்குச் சுமார் 430 பொருள்கள்.

இவ்வளவையும் யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்த அகராதிக்காகத் தன்னார்வலர்கள் புத்தகம் புத்தகமாகப் படித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். ஆசிரியர் அந்தச் சீட்டுகளைப் பரப்பி வைத்து, ஒத்துப்போவதை ஒன்றாக அடுக்குவார். எந்த அடுக்கிலும் சேராத சீட்டு வந்தால் புது அடுக்கு. இன்று சீட்டுக்குப் பதில் கணினி வந்துவிட்டது, ஆனால் வகை பிரிக்கும் கண் மனிதருடையதுதான்.

‘ரன்’ எப்படி இத்தனை கிளை விட்டது? முதலில் காலால் ஓடுவது. அப்புறம் ஆறு, குழாய்த் தண்ணீர், சளி பிடித்த மூக்கு. தொழிற்புரட்சி வந்ததும் ஆலையும் ரயிலும் ஓடின. இயந்திரம் ஓடுகிறது என்றால் அதை ஓட்டுகிறவர் ஒருவர் இருக்க வேண்டுமே, அதற்கும் அதே சொல். அங்கிருந்து கம்பெனி நடத்துவதற்கும், பிறகு கணினி நிரலை இயக்குவதற்கும் போனது. கிரிக்கெட்டில் எடுக்கும் ரன், காய்ச்சல் அடிப்பது எல்லாம் இதே சொல்தான். அமெரிக்காவில் தேர்தலில் போட்டியிடுகிறவர் ‘ஓடுகிறார்’. பிரிட்டனில் நம்மைப் போலவே அவர் ‘நிற்கிறார்’.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது என்று நாம் சொல்வதெல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. கூரையில் வேயும் ஓடு அப்படியல்ல. ஒலி ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாடு மொழியியலாளர்களின் வசதிக்காக மட்டும் போட்ட கோடல்ல, மூளையும் இரண்டையும் வேறாகவே நடத்துகிறது. ஜெனிபர் ராட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் தெரிவது உண்மையான சொல்லா, அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டமா என்று கேட்டார்கள். உறவுள்ள பல பொருள்களைக் கொண்ட சொற்களை மக்கள் வேகமாக இனங்கண்டார்கள். நாய் குரைப்பதையும் மரப்பட்டையையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல, உறவே இல்லாத பொருள்களைச் சுமக்கும் சொற்களில் தாமதம் ஏற்பட்டது.

சரி, பேச்சின் நடுவே இப்படி ஒரு சொல் வந்தால் சரியான பொருளை எப்படிப் பிடிக்கிறோம்? முன்னால் வந்த பேச்சை வைத்துத் தேவையான பொருளை மட்டும் மூளை எடுத்துக்கொள்ளும் என்றுதான் தோன்றும். டேவிட் ஸ்வின்னி 1979இல் வெளியிட்ட பரிசோதனை வேறு கதை சொன்னது. அவர் எடுத்த சொற்களில் ஒன்று ‘பக்’. பூச்சி என்றும் பொருள், ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள். ஓர் அறையின் மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் பல ‘பக்’குகள் இருந்தன என்று ஒருவர் காதில் ஒலிக்கும். அந்தச் சொல் முடிந்த கணத்தில் திரையில் ஒரு சொல் தோன்றும்: ‘எறும்பு’ அல்லது ‘உளவாளி’ அல்லது சம்பந்தமே இல்லாத ‘தை’ (துணி தைப்பது). அது உண்மையான சொல்தானா என்று அவர் பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும்.

எறும்புக்குக் கை வேகமாகப் போனதில் வியப்பில்லை. உளவாளிக்கும் அதே வேகம்! சிலந்தியும் கரப்பானும் அவ்வளவு தெளிவாக வழிகாட்டியும், ஒட்டுக்கேட்கும் கருவி என்ற பொருளும் ஒரு கணம் மனதில் விழித்திருக்கிறது. மூன்று அசை தள்ளித் திரையில் காட்டியபோது எறும்பு மட்டும் நின்றது, உளவாளிக்கு இருந்த வேகம் மறைந்துவிட்டது. எல்லாக் கதவும் திறந்து, வேண்டாதது நமக்குத் தெரியாமலே சாத்தப்படுகிறது. ஒரு பொருள் மற்றதைவிட அதிகம் புழங்கினால் அது முந்திக்கொள்ளும் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் சேர்த்துக்கொண்டன.

மூளைக்கு இந்த வேலை இவ்வளவு லேசாக இருப்பதால்தான் மொழிகள் இப்படி வளர்ந்தன என்பது எனக்கு நம்பத்தகுந்த விளக்கமாகப் படுகிறது. அதிகம் புழங்கும் சொல்லுக்கே பொருள்களும் அதிகம் என்று ஜார்ஜ் ஸிப்ஃப் 1945இலேயே காட்டினார். 2012இல் ஸ்டீவன் பியான்டடோசியும் உடன் ஆய்வாளர்களும் இதற்குக் காரணம் சொன்னார்கள்: சூழலே பாதிப் பொருளைச் சொல்லிவிடும்போது, 645 செயல்களுக்கு 645 நீண்ட சொற்களை உருவாக்குவது வீண் உழைப்பு. வாய்க்குச் சுலபமான, குட்டையான சொல்லையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ‘ரன்’, ‘செட்’ இரண்டும் ஒற்றை அசைச் சொற்களே.

அதனால் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளிடம் பொருள் பட்டியலைக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கத்துச் சொல்லோடு சேர்த்துக் கொடுக்கலாம்: காய்ச்சலோடு ஒரு ‘ரன்’, கடையோடு ஒரு ‘ரன்’, மூக்கோடு ஒரு ‘ரன்’. அகராதிக்காரர்கள் சீட்டை அடுக்கியதும் அந்தப் பக்கத்துச் சொற்களைப் பார்த்துத்தான்.