ஹைப்ரிட்: ஒட்டு அல்ல, கலப்பினம்

பூச்சி தின்னும் செடிகளை வீட்டில் வளர்ப்பவர்களுக்காகத் தமிழில் வரும் குறிப்புகளில், ‘ஹைப்ரிட்’ வரும் இடமெல்லாம் ‘ஒட்டுச் செடி’ என்று போட்டுவிடுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது. அதற்குச் சொல் கலப்பினம்.

மூலம் லத்தீன். வீட்டுப் பெண் பன்றிக்கும் காட்டு ஆண் பன்றிக்கும் பிறந்த குட்டிதான் ‘ஹைப்ரிடா’. அப்புறம் எல்லா உயிருக்கும் பொதுவாயிற்று. தமிழில் கலப்பு, இனம் இரண்டும் சேர்ந்து கலப்பினம். பிரித்துச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஒட்டு வேறு சங்கதி. மாங்கொட்டையிலிருந்து முளைத்த நாற்றைச் சீவி, நல்ல ரக மரத்தின் குச்சியை அதில் பொருத்திக் கட்டுவது. இரண்டும் ஒட்டி வாழுமே தவிர, ஒன்றில் ஒன்று கலக்காது. மேலே வைத்தது பங்கனபள்ளி என்றால் காய்ப்பதும் பங்கனபள்ளிதான். கலப்பினத்திலோ பிறப்பே கலப்பு. நெப்பந்தஸ் குடுவைச் செடியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரு சிற்றினத்தின் ஆண் பூவைக் கிள்ளி, இன்னொரு சிற்றினத்தின் பெண் பூவில் சூல்முடிமேல் தேய்ப்பார்கள். காய் பிடித்தால் உள்ளே நூல் நூலாக விதை. ஒரே காயின் நாற்றுகளே ஒன்றுபோல் ஒன்று இராது. இதைப் போய் ஒட்டு என்றால், படிப்பவர் கத்தியும் கட்டுவதற்கு நாடாவும் தேடுவார்.

“ஹைப்ரிட் விதைப் பொட்டலத்திலேயே ‘வீரிய ஒட்டு ரகம்’ என்றுதானே இருக்கிறது?” என்று கேட்பார்கள். இருக்கிறது, விவசாயிக்குப் பழகியும்விட்டது. ஆனால் இப்போது கத்தரியைச் சுண்டைக்காய்ச் செடிமேல் ஒட்டுக்கட்டி நாற்றாக விற்கிறார்கள். மேலே வைத்த கத்தரி வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அந்த நாற்றுக்கு என்ன பெயர்? ஒட்டு ஒட்டுக் கத்தரியா? மாட்டுக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. ஜெர்சி கலந்தது கலப்பினப் பசு. ஒட்டு மாடு என்று எவராவது சொல்லிக் கேட்டதுண்டா?

அதே குறிப்புகளில் இன்னொரு கொடுமை, கையால் மகரந்தம் வைப்பதை ‘செயற்கைக் கருவூட்டல்’ என்பது. அது மாட்டுக்குப் போடும் சினை ஊசி. சர்ரசீனியா என்ற இன்னொரு பூச்சி தின்னும் செடியின் பூவைப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கும், சூல்தண்டு அடியில் குடைபோல விரிந்து, உதிரும் மகரந்தத்தை ஏந்திக்கொள்ளும். குடையின் ஐந்து முனைகளிலும் குட்டியாக ஒவ்வொரு சூல்முடி. தூரிகையால் மகரந்தத்தை எடுத்து, இன்னொரு செடியின் பூவில் அந்த முனைகளைத் தொட்டால் நம் வேலை முடிந்தது. கரு உருவாவது அதற்குப் பிறகு, சூற்பைக்குள்ளே. நாம் செய்தது மகரந்தச் சேர்க்கை மட்டும். பள்ளிப் பாடத்திலேயே உள்ள சொல்லை எடுக்க ஏன் இவ்வளவு தயக்கம்?

கலப்பினப் பெயரின் நடுவே வரும் பெருக்கல் குறியும் தப்புவதில்லை, ‘எக்ஸ்’ ஆகிவிடுகிறது. பெற்றோர் பெயர்களை எழுதும்போது விதை தரும் செடி முதலில், மகரந்தம் தரும் செடி அடுத்து என்பதுதான் வளர்ப்பவர்களின் வழக்கம். மொழிபெயர்க்கும்போது காதுக்கு நன்றாயிருக்கிறது என்று வரிசையை மாற்றிவிட்டால், காய் எந்தச் செடியில் பிடித்தது என்பதே தலைகீழாகிவிடும்.